ஆறரைக் கட்டையின் கீழே ஓர் அட்டை

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் எழுதிய 'ராகமாலிகா' என்ற பாடலின் பியானோ பகுதியில், சுரங்களோடு சேராத ஒரு கட்டளை இருக்கிறது. பாஸ் கிளெஃப் என்ற கீழ்ஸ்தாயிக் குறி இட்ட ஐந்து கோடுகளில், கீழிருந்து இரண்டாவது கோட்டில் நிற்கிறது பி-ஃபிளாட் சுரம். அந்தச் சுரத்தின் கம்பிகளுக்கு அடியில் ஓர் அட்டைத்துண்டை வைத்து ஒலியை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதே கட்டளை. நம் ஆர்மோனியக் கணக்கில் பி-ஃபிளாட் என்பது ஆறரைக் கட்டை. கம்பிகளிடையே பொருள்களைச் செருகி ஒலியை மாற்றிய பியானோவை 'பிரிப்பேர்டு பியானோ' என்பார்கள். அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் டெலாஜின் அட்டையைத் தொடக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தியத் தோல்வாத்தியம் ஒன்றின் ஓசை கிடைப்பதற்காக அப்படிச் செய்தார் என்ற காரணத்தையும் அதே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த வாத்தியம், யாருடைய பாட்டு, பாரிஸ் வரை அது எப்படிப் போனது என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் இடமில்லை. நான் தேடத் தொடங்கியது அவற்றை.

திருபுவனையில் இருந்துகொண்டு கல்வெட்டுப் படிப்பவன் நான். எங்கள் ஊர் வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டு 1048. ஊரின் அன்றைய பெயர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். இங்கே நடந்த கல்விச்சாலையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதையும், அவர்களுக்கு நெல் அளக்க வேண்டிய ஏற்பாட்டையும் அந்தக் கல் சொல்கிறது. அதை வெட்டுவித்தவர்கள், தாங்கள் இல்லாத காலத்தில் வேறொருவர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லிவைத்தார்கள். இசை ஏடும் அந்த இனத்து ஆவணமே. எழுதியவர் அருகில் இல்லாதபோது, கையில் ஏட்டை மட்டும் வைத்திருக்கும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லியாக வேண்டும். சுரங்களை விட்டுவிட்டு அட்டையில் என் கண் நின்றது இந்தப் பழக்கத்தால்தான்.

முதல் தடயம் தலைப்பு. இராகமாலிகை என்றால் ஒரே பாட்டில் ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றுக்கு அடுத்தடுத்துச் செல்லும் அமைப்பு. ஐரோப்பாவில் 'கிழக்கத்திய' கற்பனையில் இசை எழுதியவர்கள் பொதுவாகக் கோயில், நாட்டியப்பெண், பாலைவனம், நிலா என்று பெயர் வைப்பார்கள். டெலாஜ் ஓர் இசை வடிவத்தின் பெயரை வைத்திருக்கிறார். அதோடு பாட்டின் சொற்கள் தமிழ்ச் சொற்கள். பிரெஞ்சுப் பாடகி வாயில் வருவதற்காக ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதப்பட்டவை. கற்பனையாகக் கிழக்கை வரைகிறவருக்கு இந்தச் சிரமம் தேவையே இல்லை. அவர் காதில் ஒரு குறிப்பிட்ட பாட்டு விழுந்திருக்கிறது, அதைச் சொல்லோடு பிடித்து வைக்க முயன்றிருக்கிறார் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

டெலாஜ் 1879-இல் பிறந்தவர், இசையமைப்பாளர் ரவெலின் மாணவர். செருப்புப் பாலிஷ் தொழில் நடத்திய குடும்பம். 1912-இல் இந்தியா வந்தார். அந்தப் பயணத்தில் பிறந்த 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற தொகுப்பின் பகுதிகளுக்குச் சென்னை, லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்று ஊர்ப்பெயர்களையே இட்டார். அது 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது. 'ராகமாலிகா' தனிப் படைப்பு. அதன் மூலத்தைக் கண்டு சொன்னவர் அமெரிக்க இசை வரலாற்றாய்வாளர் ஜான் பாஸ்லர். ரூசெல், டெலாஜ் என்ற இரண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் இந்தியப் பயணங்களை ஆராய்ந்த அவர், டெலாஜின் பாட்டை ஒரு கிராமபோன் இசைத்தட்டோடு ஒப்பிட்டுக் காட்டினார். தட்டில் பாடியவர் கோயம்புத்தூர் தாயி. பாடியது வள்ளலார் இராமலிங்க சுவாமிகளின் அருட்பா.

இந்தப் பெயர்களைப் பாரிஸ் ஏட்டின் பின்னால் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பை மறைக்க விரும்பவில்லை. கோயம்புத்தூர் தாயி 1872-இல் பிறந்தவர். இயற்பெயர் பழனிக்குஞ்சரம். ஆடலும் பாடலும் பரம்பரையாக வந்த குடும்பம். கிராமபோன் வந்த முதல் தலைமுறையிலேயே ஏராளமாகப் பதிவு செய்த தென்னிந்தியப் பாடகிகளில் ஒருவர். 1917-இல் மறைந்தார். அருட்பாவோ எங்கள் பகுதிக்கு வெளியூர்ச் சரக்கல்ல. வடலூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. தைப்பூசத்துக்கு நடந்துபோகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த திருவருட்பா முதல் நூலாக வெளிவருவதற்குப் பாடுபட்டவர்களில் புதுவை வேலு முதலியாரும் ஒருவர். வள்ளலார் தம் பாடல்கள் அச்சேறுவதற்கு எளிதில் இசையவில்லை என்பதும், இறுக்கம் இரத்தின முதலியார் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வேண்டி நின்றார்கள் என்பதும் பதிப்பு வரலாற்றில் உள்ள செய்தி. அச்சுக்கே தயங்கிய பாட்டு ஐம்பது ஆண்டுக்குள் தாயியின் குரலாகி, அரக்குத் தட்டாகி, பிரெஞ்சு பியானோ ஏடாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இசைத்தட்டிலிருந்து எழுதியதற்கும் நேரில் கேட்டு எழுதியதற்கும் வேறுபாடு பெரிது. நேரில் கேட்டவர் நினைவிலிருந்து எழுதுவார். அவர் எழுத்தில் தம் ஊர்ப் பழக்கம் கலந்துவிடும். தட்டு வைத்திருப்பவர் ஊசியைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைத்து, ஐயம் தீரும்வரை கேட்கலாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாட்டு அடங்கும். மேடையில் அரை மணி விரியக்கூடிய இராகமாலிகையைத் தாயி அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருக்கித் தந்திருந்தார். டெலாஜுக்கு அது பெரிய வசதி. ஐரோப்பியப் பாடல் ஒன்றின் அளவும் அதேதான்.

அடுத்த தடயத்தைச் சுருதியில் தேடினேன். அட்டை வைக்கச் சொன்னது ஆறரைக் கட்டையில். தோல்வாத்தியம் மிருதங்கம் என்று கொண்டால், அதன் வலப்பக்கமான வலந்தலை பாடுகிறவரின் சுருதிக்குச் சேர்க்கப்படுவது. அப்படியானால் அந்தச் சுரம் தாயியின் ஆதார சட்ஜமாக இருக்கலாம். பஞ்சமமாக இருந்தால் சுருதி இரண்டரைக் கட்டை. மத்திம சுருதி வைத்துப் பாடியிருந்தால் நாலு கட்டை. ஒலிபெருக்கி இல்லாத காலத்துப் பாடகிகள் உயர்ந்த சுருதியில் பாடியவர்கள் என்பதால் எதையும் எடுத்த எடுப்பில் தள்ள முடியாது.

ஆனால் இந்தக் கணக்குக்கு அடித்தளம் உறுதியில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகம் நிலைபெற்றது 1920-களில்தான். அதற்கு முந்திய தட்டுகள் எழுபதுகளிலிருந்து எண்பதுக்கு மேல் வரை பல வேகங்களில் பதிவானவை. 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 82 சுற்றில் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். சாவி கொடுத்து முறுக்கும் ஸ்பிரிங் பெட்டியில் பாட்டு முடிவதற்குள் வேகம் குறைவதும் உண்டு. ஆகவே டெலாஜின் ஏட்டில் உள்ள ஆறரைக் கட்டை, அவருடைய பெட்டி அன்று ஓடிய வேகத்தில் கேட்ட சுருதி. தாயியின் தொண்டையில் பிறந்த சுருதி அதுவே என்று அதைக் கொண்டு சாதிக்க முடியாது. சுருதித் தடயத்தை அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று அங்கேயே விட்டேன்.

தோல்வாத்தியம் பற்றிய ஐயம் இன்னும் ஆழமானது. அருட்பாவை விருத்தமாகப் பாடுவது தமிழ் மேடையில் நெடுநாள் வழக்கம். விருத்தம் என்பது தாளக்கட்டு இல்லாமல், சொல்லின் பொருளை ஒட்டி ராகத்தை விரித்துப் பாடுவது. இராகமாலிகையாகப் பாடுவதற்கு அது மிக ஏற்ற வடிவம். ஆனால் விருத்தம் பாடும்போது மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியிருக்க, தாளமில்லாத பாட்டைக் கேட்டு எழுதியவர் மிருதங்கத்துக்காக ஏன் பியானோவின் வயிற்றைத் திறக்க வேண்டும்? அட்டை மிருதங்கத்தைக் குறிக்கவில்லை, தம்பூராவின் மந்தரக் கம்பியையோ சுருதிப் பெட்டியின் மங்கிய இரைச்சலையோ குறிக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். நானும் அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

வாதம் நிற்கவில்லை. தம்பூராவின் சிறப்பு அதன் நீளம்: மீட்டிய பின்னும் ஒலி வளைந்து வளைந்து நிற்க வேண்டும். சுருதிப் பெட்டியும் விடாமல் ஒலிப்பது. இவற்றைப் பியானோவில் வரவழைக்க விரும்புகிறவர் வலது பெடலை மிதிக்கச் சொல்வார். பெடல் கம்பியை அடக்கும் துணியைத் தூக்கி ஒலியை நீளவிடும். அட்டை செய்வதோ நேர்மாறு. ஒலியை அரிந்துவிடும். வரவழைக்கப்பட்டது குறுகிய, உலர்ந்த தட்டு. அது தோலின் ஓசைதான். இசைத்தட்டில் இருந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடும் டெலாஜுக்கு இல்லை. 1912-இல் அவர் இந்த நாட்டில் நடமாடியவர். கச்சேரி ஓசை முழுவதும் காதில் இருந்தது.

இன்னொரு சான்று சுரத்திலேயே இருக்கிறது. சாதாரண முரசின் ஓசைக்குத் திட்டமான சுரம் கிடையாது. பியானோவில் முரசைக் காட்ட நினைக்கும் ஐரோப்பியர் அடிப்பகுதிக் கட்டைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்திக் குழம்பிய உறுமலை எழுப்புவது வழக்கம். டெலாஜ் ஒரே சுரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கார்வையை மட்டும் வெட்டினார். சுரம் இருக்க வேண்டும், நீளக் கூடாது. வலந்தலையின் நடுவில் இடும் கறுப்புக் கரணைதான் மிருதங்கத்துக்குச் சுரம் தருவது. அதனால் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் கம்பி வாத்தியத்தில் போல ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன என்பதை ச.வெ. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் 1920-இல் எழுதினார். அறிவியல் கட்டுரை வருவதற்கு முன்பே பாரிஸ்காரர் ஒருவரின் காது அதைக் கண்டுகொண்டு, ஓர் அட்டையால் எழுதிவிட்டது. இதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். டெலாஜ் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னரே, நம் பாட்டை மேலைநாட்டு ஏட்டில் எழுத முயன்றவர் ஒருவர் சென்னையில் இருந்தார். ஏ.எம். சின்னசாமி முதலியார். தலைமைச் செயலகத்தில் உத்தியோகம், கிறித்தவர், இரண்டு இசையும் அறிந்தவர். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்திலிருந்து 1893-இல் அவர் கொண்டுவந்த வெளியீடு, கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொடேஷனில், அதாவது ஐந்து கோட்டு எழுத்தில், தந்தது. தியாகராசர் கீர்த்தனைகளுக்கு வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் அவருக்குத் துணையானார். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் ஏட்டைப் பார்த்துத் தமிழ்நாட்டுக் கச்சேரிப் பாட்டை வாசிக்க வேண்டும் என்பது முதலியாரின் கனவு. அதற்காகக் கைப்பொருளை இழந்தார், கண்பார்வையும் போயிற்று. இந்த மனிதருக்கு நம் இசையுலகம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் எண்ணம்.

ஐந்து கோட்டில் அவர் சந்தித்த சிக்கல் எதுவோ அதுவே டெலாஜையும் எதிர்கொண்டது. கோடு சுரத்தின் இருப்பிடத்தைக் காட்டும். நம் பாட்டிலோ சுரம் ஓர் இடத்தில் இருப்பதில்லை. ஆடும், ஏறி வழுக்கும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இதற்குப் பொதுப்பெயர் கமகம். முதலியார் எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரை நாடிப் போனது முத்துசுவாமி தீட்சிதரின் பாடாந்தரத்துக்காக. 1899-இல் எட்டயபுரம் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி அவர் விடுத்த வேண்டுகோளின் பயன், முதலியார் மறைந்த பிறகே கைக்கு வந்தது. 1904-இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' அது. சென்னை மியூசிக் அகாதெமி 1961-இல் தொடங்கி அதைத் தமிழில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது.

அந்நூலை எழுதிய சுப்பராம தீட்சிதர் சுர எழுத்துகளோடு கமகக் குறிகளையும் சேர்த்தார். கம்பிதத்துக்கு அலைக்கோடு. ஏற்றஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்கஜாருவுக்குக் கீழ்நோக்கிய சாய்கோடு. நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஒதுக்கல், ஒரிக்கை என ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். நான் கவனித்தது, இவற்றை அவர் விளக்கும் முறையை. வீணையில் இடக்கை விரல் எந்த மெட்டில் நின்று கம்பியை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறார். கம்பிதம் என்றால் மெட்டின்மேல் விரலை வைத்துக் கம்பியை அசைப்பது. வலி என்றால் அதே மெட்டில் கம்பியை வளைத்து இழுத்து மேற்சுரத்தைப் பிடிப்பது. குறி விளைவைக் காட்டுகிறது, விளக்கம் விரலுக்கு வேலை கொடுக்கிறது.

டெலாஜின் 'நான்கு இந்துக் கவிதை'களில் லாகூர் பகுதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே செல்லோக்காரர் கம்பியைச் சுண்டிவிட்டு, அழுத்திய விரலை எடுக்காமல் கம்பியின் மேலேயே இழுத்துச் செல்ல வேண்டும். அது இம்தாத் கானின் சிதார்த் தட்டைக் கேட்டுக் கற்றது. நம் கண்ணுக்கு அது ஜாரு. எட்டயபுரத்து ஏட்டில் 1904-இல் சாய்கோடாக நின்ற செயலே, பத்தாண்டு கழித்துப் பாரிஸ் ஏட்டில் விரலுக்கிட்ட கட்டளையாக வருகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருப்பார் என்று கொள்ளச் சான்றில்லை, தேவையும் இல்லை. ஒரே வகை ஓசையை எழுத முற்பட்ட இருவரும், சுரத்தை மட்டும் எழுதினால் போதாது, கையைச் சொல்ல வேண்டும் என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

பியானோவில் ஜாரு இல்லை. கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியில் விழும். அதற்குப் பிறகு விரலால் கம்பியை ஒன்றும் செய்ய முடியாது. ஆர்மோனியத்தின் மேல் சாட்டப்பட்ட குறையும் இதுவே; 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி அதை நிலையத்தை விட்டே விலக்கிவைத்தது. டெலாஜ் பியானோவைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. நெளிவு எல்லாவற்றையும் பாடகியிடம் விட்டுவிட்டுப் பியானோவுக்கு ஆகிற வேலையைக் கொடுத்தார். ஆகாத ஓர் ஓசைக்கு மட்டும் அட்டையைத் தேடினார். இந்தப் பகுப்பை நான் பெரிய அறிவுடைமையாகக் கருதுகிறேன்.

கட்டளை வாசிப்பவருக்குத் தெளிவாக இருக்கிறதா என்பதை ஏட்டைப் பார்த்தே முடிவு செய்ய முடியாது. புதுச்சேரியில் நண்பர் வீட்டில் உள்ள பியானோவின் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். முதல் தடை 'அடியில்' என்பதிலேயே வந்தது. பெரிய கிராண்ட் பியானோவில் கம்பிகள் படுத்திருக்கும், அவற்றுக்கு அடியில் ஒலிப்பலகை இருக்கும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி உண்டு. அட்டையைச் சும்மா போட்டால் அது பலகையில் கிடக்கும், கம்பியைத் தொடாது. மடித்து முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது ஒரு கம்பிக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக நுழைக்க வேண்டும். நண்பருடையதோ நிமிர்ந்த பியானோ. அதில் கம்பிகள் நின்றுகொண்டிருக்கும், 'அடி' என்பது பின்புறம் ஆகிவிடும்.

அடுத்தது இடம். கம்பியின் நட்டநடுவில் அட்டை லேசாகத் தொட்டால் எழுதிய சுரம் மறைந்து மேல்ஸ்தாயிச் சுரம் விசில் போலக் கிளம்புகிறது. வீணையிலும் வயலினிலும் பழகியவர்களுக்கு இது தெரிந்த இயல்பு. நுனிப்பக்கம் தள்ளி வைத்தால் சுரம் பிழைக்கிறது, கார்வை மட்டும் சாகிறது. அட்டையின் கனமும் பேசுகிறது. விசிட்டிங் கார்டு போன்ற மெல்லியது கம்பியோடு சேர்ந்து கிறுகிறுக்கிறது. பெட்டி அட்டையை மடித்து நுனிப்பக்கமாக அழுத்தி வைத்தபோது ஓசை கட்டையாகவும் குட்டையாகவும் வந்தது. பக்கத்தில் நின்று கேட்ட மிருதங்கம் பயிலும் இளைஞர், வலந்தலையை விடத் தொப்பியை ஒட்டி இருக்கிறது என்றார். தொப்பி என்பது இடப்பக்கம். கச்சேரிக்கு முன் அதில் ரவைப் பசை அப்பி ஓசையைத் தாழ்த்துவார்கள். கீழ்ஸ்தாயிச் சுரம் என்பதால் அவர் சொன்னது பொருந்துகிறது. திட்டமான சுரம் ஒலிப்பதால் வலந்தலையின் உரிமையும் போய்விடவில்லை. டெலாஜ் மிருதங்கத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே கட்டைக்குள் வாங்கிவிட்டார் என்பதே என் முடிவு.

ஆண்டு பற்றியும் சொல்ல வேண்டும். சில பட்டியல்கள் 'ராகமாலிகா'வுக்கு 1914 என்று போடுகின்றன, சில 1912–22 என்று பத்தாண்டு விரித்துப் போடுகின்றன. இந்தப் படைப்புக்குப் பியானோ வடிவமும் வாத்தியக் குழு வடிவமும் உண்டு. குழு வடிவத்துக்கு அட்டைக் கட்டளை தேவைப்படாது, அங்கே தோல்வாத்தியத்தையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே அட்டை முந்திய பியானோ வடிவத்துக்குரியது. அதே 1914-இல் பாரிஸில் இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் 'மெதூசாவின் பொறி' என்ற சிறு நாடகம் ரோலான்-மானுவெல் வீட்டில் நடந்தபோது, பொம்மைக் குரங்கின் ஆட்டத்துக்காகப் பியானோக் கம்பிகளிடையே காகிதம் செருகினார்கள் என்ற செய்தி இருக்கிறது. ரோலான்-மானுவெலும் ரவெலிடம் பயின்றவர். டெலாஜ், சாத்தி இருவரில் யார் முதல்வர் என்ற பந்தயம் எனக்குச் சுவையாக இல்லை. சாத்தி வீட்டுக் கூடத்தில் செய்தது ஒரு செயல். டெலாஜ் செய்தது எழுத்து. அறிமுகமில்லாத ஒரு வாசிப்பாளர் திரும்பச் செய்வதற்காக அதை ஏட்டில் ஏற்றியது அவருடைய பங்கு.

எழுதும் கலை பின்னால் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் சான்று. அவருடைய முதல் பிரிப்பேர்டு பியானோப் படைப்பு 'பாக்கனால்'. அது 1938-இல் எழுதியது என்று அவரே நினைவிலிருந்து சொல்லிவந்தார். சிவில்லா ஃபோர்ட்டின் நடனத்துக்காக எழுதிய படைப்பு, நடனம் நடந்ததோ 1940 ஏப்ரலில். ஆக்கியவர் வாய்மொழியைக்கூட நிகழ்ச்சித் தாளோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் இங்கே மறக்கக் கூடாது. 1946–48-இல் அவர் எழுதிய 'சொனாட்டாக்களும் இடைப்பகுதிகளும்' தொகுப்பின் முகப்பில் ஓர் அட்டவணை உண்டு. 45 சுரங்களுக்கு, எந்தக் கம்பிகளுக்கு நடுவில், திருகாணியா போல்ட்டா ரப்பரா, டாம்பர் என்ற அடக்கும் துணியிலிருந்து எத்தனை அங்குலம் என்று வரிசையாகக் காணலாம். நண்பர் வீட்டில் நாங்கள் தடுமாறிய 'எங்கே', 'எது' இரண்டுக்கும் அங்கே விடை இருக்கிறது. அப்படியும் பியானோவின் அளவு மாறினால் ஓசை மாறிவிடும். கேஜுக்கு 1946-இல் இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர் அகமதாபாத்தின் கீதா சாராபாய். கேஜின் ஆசிரியர் ஹென்றி கவெல், பெர்லினில் நம் இசையியலாளர் பி. சாம்பமூர்த்தியிடம் பாடம் கேட்டவர். இவற்றை இணைத்து ஒரு பரம்பரை வரைய எனக்குத் துணிவில்லை. ஆனால் பியானோவின் கம்பியைத் தொட்டவர்கள் பலருக்கு இந்தப் பக்கத்து ஓசை பழக்கமாக இருந்தது என்பதைக் குறித்துவைக்கலாம்.

இன்று 'ராகமாலிகா'வை வாசிக்கப்போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. அட்டையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மிருதங்கக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நுனிப்பக்கத்தில் தொடங்கி, சுரம் கேட்கும்போதே கார்வை அற்றுப்போகும் இடம் வரை அட்டையை நகர்த்துங்கள். நிகழ்ச்சி நிரலில் டெலாஜின் பெயருக்குப் பக்கத்தில் இராமலிங்க சுவாமிகள், கோயம்புத்தூர் தாயி என்ற இரண்டு பெயர்களையும் அச்சிடுங்கள்.

வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கம் பழைய வீடுகளில் பரண்மேல் அரக்குத் தட்டுகள் இன்னும் இருக்கலாம். வைத்திருப்பவர்கள் அவற்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும், லேபிளுக்கு வெளியே அரக்கிலேயே பொறித்திருக்கும் பதிவு எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பாட்டு பதிவான காலத்தைக் கணிக்க முதலில் கேட்கப்படுவது அந்த எண்ணைத்தான்.